பார்த்ததும் இருப்பதும்

திரையில் தெரியும் எந்தப் பட்டியலும் கொஞ்சம் பழையதுதான். தட்கல் முன்பதிவுக்குக் காலையில் உட்கார்ந்த எவருக்கும் இது தெரியும். 12 இடம் இருப்பதாகத் திரை காட்டும். பெயர், வயது, கீழ்ப்படுக்கையா மேல்படுக்கையா என்று எல்லாவற்றையும் தட்டி, பணம் கட்டிவிட்டுத் திரும்புவதற்குள் காத்திருப்போர் பட்டியலில் 37 ஆகியிருப்போம். திரை பொய் சொன்னதா? இல்லை. காட்டிய நொடியில் 12 இடம் நிஜமாகவே இருந்தது. நாம் அதைப் படித்து, நம்பி, விரலை நகர்த்துவதற்குள் தீர்ந்துபோனது. ஆனாலும் ஏமாற்றப்பட்டதுபோல ஓர் உணர்வு வருகிறது. அது வெறும் எரிச்சலா, இல்லை அதில் ஏதாவது நியாயம் இருக்கிறதா? தன்னைப் பார்ப்பவருக்கு ஒரு திரை கடமைப்பட்டிருக்கிறதா?

எங்கள் தொழிலில் இந்தக் கேள்விக்கு ஒரு வறட்டுப் பெயர் உண்டு: மாறிக்கொண்டே இருக்கும் டேட்டாவோடு திரையிலிருக்கும் டேபிளை ஒத்துப்போக வைப்பது. வங்கி, கிடங்கு, மருத்துவமனை, எதற்கு மென்பொருள் எழுதினாலும் கடைசியில் வந்து நிற்பது ஒரு டேபிள்தான். வரிவரியாகப் பெயர்கள், எண்கள், ஓரத்தில் ஒரு பட்டன். பார்க்க இதைவிடச் சலிப்பான பொருள் உலகத்தில் இல்லை. ஆனால் அந்த ஒவ்வொரு வரியும் எங்கோ இருக்கும் ஒரு மனிதர், ஒரு மூட்டை, ஒரு கடன். யாரோ அந்த வரியைப் பார்த்துத்தான் ஒரு முடிவை எடுக்கப்போகிறார்.

சிக்கலின் வேர் எளிமையானது. ஒரே விஷயம் இரண்டு இடத்தில் இருக்கிறது. தரவு ஓரிடத்தில், அதன் தோற்றம் இன்னோரிடத்தில். முதலாவது மாறினால் இரண்டாவதும் மாறியாக வேண்டும். யார் சொல்லி மாறுவது?

1979-இல் இதற்கு இரண்டு பதில்கள் பிறந்தன. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்துக்கு விருந்தினராக வந்திருந்த நார்வேக்காரர் டிரிக்வெ ரீன்ஸ்காவ், மாடல்-வியூ-கண்ட்ரோலர் என்ற அமைப்பை எழுதிவைத்தார். தரவு ஒரு பக்கம், தோற்றம் ஒரு பக்கம் என்று பிரித்துவைக்கும் முறை அது. அதிலிருந்து வளர்ந்த மரபில், தரவு மாறும்போதெல்லாம் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் திரைகளுக்குச் சேதி அனுப்பும்: நான் மாறிட்டேன், நீயும் மாத்திக்கோ. அதே ஆண்டு டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்காக விசிகால்க் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். இன்றைய எக்செலின் மூதாதை. அதில் யாரும் யாருக்கும் சேதி சொல்ல வேண்டியதில்லை. கூட்டுத்தொகைக் கட்டத்துக்குச் சொந்தமாக ஓர் எண் கிடையாது. ‘மேலே இருக்கும் ஆறு கட்டங்களைக் கூட்டு’ என்ற சூத்திரம் மட்டும்தான் அதற்குள் இருக்கிறது. மேலே எது மாறினாலும் அது மறுபடி கணக்கிடப்படும்.

முதல் வழி கல்யாண வீட்டில் சேதி சொல்வது மாதிரி. தேதி மாறிவிட்டது என்று எல்லோருக்கும் ஃபோன் போடுவார்கள், ஒரு பெரியப்பா மட்டும் விட்டுப்போவார். அவர் பழைய தேதிக்குப் பட்டு வேட்டியோடு மண்டபத்தில் வந்து நிற்பார். மென்பொருளிலும் அதேதான். ஐந்து இடத்திலிருந்து ஒரு தரவைத் திருத்த முடியும் என்றால், நான்கில் ஞாபகமாகச் சேதி அனுப்பியிருப்பார்கள். ஐந்தாவதில் மறந்திருப்பார்கள். திரை பழைய தேதியிலேயே நிற்கும். ‘டேட்டாபேஸ்ல சரியாத்தான் இருக்கு, ஸ்க்ரீன்ல மட்டும் தப்பா வருது’ என்ற வாக்கியத்தைக் கேட்காத மென்பொருள் அலுவலகம் இருக்காது.

இரண்டாவது வழியை எடுத்துக்கொண்டு அதன் கடைசிவரை போனதுதான் ஃபங்ஷனல் புரோகிராமிங். பள்ளிக் கணக்கில் சார்பு என்று படித்தோமே, அதே ஃபங்ஷன்தான். ஒரே உள்ளீட்டைக் கொடுத்தால் என்றைக்கும் ஒரே விடை. நடுவில் வேறு எதையும் தொடாது, எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. 1997-இல் கோனல் எலியட்டும் பால் ஹூடாக்கும் நகரும் படங்களையே இப்படி எழுதலாம் என்று காட்டினார்கள். 2012-இல் எவன் சாப்ளிக்கியின் எல்ம் மொழி வந்தது. 2013-இல் ஃபேஸ்புக் தன் ரியாக்ட் நூலகத்தை எல்லோருக்கும் திறந்துவிட்ட பிறகு இந்த எண்ணம் சாதாரண வலைப்பக்கங்களுக்கும் வந்து சேர்ந்தது. சாரம் ஒரே வரி: திரை என்பது தரவின் ஃபங்ஷன்.

இதற்கு ஒரு துணைவிதி உண்டு. தரவை ஒருபோதும் திருத்தக் கூடாது. 10,000 வரிகள் உள்ள பட்டியலில் ஒரு வரி மாற வேண்டுமென்றால், பழைய பட்டியலைத் தொடாமல் புதிய பட்டியல் ஒன்றை உண்டாக்க வேண்டும். ‘ஒண்ணு மாத்தறதுக்குப் பத்தாயிரத்தையும் காப்பி அடிப்பீங்களா?’ என்று புதிதாகச் சேர்கிறவர்கள் கேட்பார்கள். தேவையில்லை. குளோஜர் மொழியில் பட்டியல் ஒரு மரம்போலச் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு கணுவிலும் 32 கிளைகள். 10,000 பொருள் என்றால் வேரிலிருந்து மூன்று அடுக்குதான். மாறிய இலைக்குப் போகும் பாதையிலுள்ள கணுக்களை மட்டும் புதிதாக எழுதினால் போதும், மீதி மரத்தைப் பழையதும் புதியதும் பங்குபோட்டுக்கொள்ளும். பழையது மாறவே மாறாது என்ற உறுதி இருப்பதால்தான் இப்படித் தைரியமாகப் பங்குபோட முடிகிறது. பிறகு பழைய டேபிளையும் புதிய டேபிளையும் ஒப்பிட்டு, வித்தியாசப்படும் இடத்தை மட்டும் திரையில் வரைந்தால் வேலை முடிந்தது.

முதன்முதலாக இது புரிந்தபோது எனக்குக் கிடைத்தது தொழில்நுட்ப மகிழ்ச்சி மட்டுமில்லை. இதில் ஓர் அறம் இருப்பதாகத் தோன்றியது. இடையில் நிற்பவர் தனக்கென்று ஒரு கதையை வைத்துக்கொள்ளக் கூடாது என்ற அறம். வீட்டிலும் அலுவலகத்திலும் நடக்கும் பாதிச் சண்டைகள், போன வருடம் ஒருவர் சொன்னதை இன்னும் கையில் பிடித்துக்கொண்டு இன்றைக்கு அவரோடு பேசுவதால் வருபவை. ஃபங்ஷனாக எழுதப்பட்ட திரைக்கு அந்த நோய் இல்லை. அதற்கு நேற்று கிடையாது. இப்போது என்ன இருக்கிறதோ அதைக் காட்டும். தன் பழைய பதிப்பைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

ஆனால் அந்த மகிழ்ச்சி அப்படியே நிற்கவில்லை. இரண்டு இடங்களில் இடித்தது.

முதல் இடம், ‘அதே வரி’ என்ற சொல். ஒப்புதல் தர வேண்டிய ஐந்து விண்ணப்பங்கள் திரையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மூன்றாவது வரியின் பக்கத்திலுள்ள கட்டத்தில் டிக் போடுகிறார். இன்னும் சேமிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, உச்சியில் புதிய விண்ணப்பம் ஒன்று வந்து விழுகிறது. பழைய மூன்று இப்போது நான்கு. டிக் எங்கே இருக்க வேண்டும்? நமக்கு யோசிக்கவே தேவையில்லை, அந்த ஆளோடுதான் போக வேண்டும். ஆனால் கணினிக்கு ‘அந்த ஆள்’ என்று ஒருவர் கிடையாது. அதன் முன்னால் இருப்பது இரண்டு பட்டியல்கள், பழையது ஒன்று, புதியது ஒன்று. பழையதன் எந்த வரி புதியதன் எந்த வரி என்று யாராவது சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் இடத்தை வைத்து முடிவெடுக்கும்: மூன்றாவது மூன்றாவதுதான். டிக் அப்படியே மூன்றாவது வரியில் நிற்கும். ஆனால் அங்கே இப்போது இருப்பவர் வேறொருவர். ரியாக்டில் ஒவ்வொரு வரிக்கும் ‘கீ’ என்று ஓர் அடையாளம் தரச் சொல்வது இதற்காகத்தான். வரிசை மாறக்கூடிய பட்டியலில் வரிசை எண்ணையே கீயாகக் கொடுக்காதீர்கள் என்று அதன் ஆவணம் எச்சரிக்கிறது. அப்படியும் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இந்தச் சிக்கல் கணினியைவிடப் பல நூற்றாண்டு பழையது. பௌத்தர்களின் கணபங்க வாதம் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது: நிலைத்த பொருள் என்று ஒன்றில்லை, கணத்துக்குக் கணம் புதிதாகத் தோன்றி அழிபவைதான் உண்டு. ஃபங்ஷனல் புரோகிராமிங் பேசும் மாறாத மதிப்புகளின் வரிசையைப் பௌத்த தத்துவம் படித்த ஒருவரிடம் விளக்கினால், ‘இதுல புதுசா என்ன இருக்கு?’ என்று கேட்பார். சமணர்களும் வேறு பலரும் இதை எதிர்த்தார்கள். தமிழில் அந்த மோதலின் சாட்சியாக நிற்பது நீலகேசி. சமணத்தின் சார்பில் நீலகேசி பௌத்த ஆசிரியர்களை ஒருவர் பின் ஒருவராகத் தேடிப்போய் வாதிடும் காப்பியம் அது. கணபங்கத்துக்கு எதிராக மரபில் திரும்பத் திரும்ப வைக்கப்பட்ட கேள்வி ஒன்று உண்டு. எல்லாமே கணத்தில் அழிவது என்றால், வினை செய்தவன் ஒருவன், பலனை அனுபவிப்பவன் வேறொருவன் என்றாகிவிடாதா? செய்தவனுக்குச் செய்தது வீண், செய்யாதவனுக்குத் தண்டனை என்றால் அறத்துக்கு என்ன பொருள்?

எனக்கு இந்தக் கேள்வியில் பிடித்தது, அது பொருளின் இயல்பைப் பற்றிய வாதத்தைச் சட்டென்று பொறுப்பைப் பற்றிய வாதமாக மாற்றிவிடுவது. மேலே சொன்ன டிக்கைப் பாருங்கள். ஒருவருக்காகப் போடப்பட்டது, இன்னொருவருக்குப் பலித்தது. ஆயிரம் வருடப் பழைய தர்க்கச் சண்டை ஒரு சின்னச் சதுரக் கட்டத்துக்குள் உயிரோடு இருக்கிறது.

பௌத்தர்களிடம் பதில் இல்லாமல் இல்லை. மிலிந்தன் என்ற அரசனுக்கு நாகசேனர் ஒரு விளக்கைக் காட்டிச் சொல்கிறார்: முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றல்ல, ஆனால் முற்றிலும் வேறானதும் அல்ல, இரவெல்லாம் எரிந்தது ஒரே விளக்கைச் சார்ந்துதான். ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடர்ந்து வரும் இந்த ஓட்டத்துக்குச் சந்தானம் என்று பெயர். (நடிகருக்கும் இதற்கும் தொடர்பில்லை.) 2007-இல் குளோஜர் மொழியை வெளியிட்ட ரிச் ஹிக்கி சொல்வதும் இதற்கு மிக அருகில்தான் இருக்கிறது: மதிப்புகள் மாறுவதில்லை, ஒன்றுக்கொன்று காரணத் தொடர்புள்ள மதிப்புகளின் வரிசைக்கு நாம் வைக்கும் பெயர்தான் அடையாளம்.

நாம் வைக்கும் பெயர். கனமெல்லாம் அந்த மூன்று சொல்லில்தான் இருக்கிறது. எந்த ஓட்டத்தை ஒரே ஓட்டம் என்று எடுத்துக்கொள்வது என்பதை ஃபங்ஷன் கணக்குப்போட்டுச் சொல்லாது. ஒரு மனிதர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். பெயரை அடையாளமாக வைத்தால் ஒரே ஊரில் எத்தனை முருகேசன்! கைபேசி எண்ணை வைத்தால் ஒரே எண்ணைச் சொல்லும் அம்மாவும் மகளும் ஒருவராகிவிடுவார்கள். தனி எண் ஒன்று கொடுத்தால், இரண்டு முறை பதிவானவர் இரண்டு பேராகிவிடுவார். எந்தத் தேர்விலும் யாரோ ஒருவர் மறைந்துபோகவோ யாரோ ஒருவர் இரட்டிக்கவோ வாய்ப்பிருக்கிறது. நிரலில் அது ஒற்றை வரி. எழுத ஐந்து நொடிகூட ஆகாது. அந்த ஐந்து நொடியில் ஒருவரை ஒருவராக அங்கீகரிப்பது எப்படி என்று முடிவெடுக்கப்படுகிறது.

இரண்டாவது இடம் இதைவிடக் கடினமானது. அதைச் சொல்ல 1986-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்குப் போக வேண்டும்.

தெராக்-25 என்பது கனடாவின் அரசு நிறுவனமான ஏஇசிஎல் தயாரித்த, புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் இயந்திரம். கணினியால் இயங்கியது. 1985 ஜூனுக்கும் 1987 ஜனவரிக்கும் இடையில் ஆறு பேருக்கு அது அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. நான்சி லெவசனும் கிளார்க் டர்னரும் 1993-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை வழியாக இது மென்பொருள் படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதையாகிவிட்டது. வழக்கமாகக் கவனக்குறைவான நிரலாக்கத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அது ஒரு டேபிளின் கதை.

அந்த இயந்திரத்துக்கு இரண்டு முறைகள். எலக்ட்ரான் முறையில் கற்றை மெலிதாக வரும். எக்ஸ்-ரே முறையில் பல மடங்கு வலுவாக வரும், ஆனால் நடுவில் ஓர் உலோக இலக்கும் வடிகட்டியும் வந்து நிற்கும். எது நடுவில் நிற்க வேண்டும் என்பதை ஒரு சுழல்மேடை பார்த்துக்கொள்ளும். 1986 மார்ச் மாதம் டெக்சாஸின் டைலர் நகர மருத்துவமனையில், நோயாளிக்கான விவரங்களைத் திரையில் ஒவ்வொன்றாக நிரப்பிய இயக்குநர், எலக்ட்ரானுக்கான ‘ஈ’ எழுத்துக்குப் பதில் எக்ஸ்-ரேக்கான ‘எக்ஸ்’ எழுத்தைத் தட்டிவிட்டார். உடனே கவனித்தார். மேல்நோக்கிய அம்புக்குறியால் கர்சரைக் கொண்டுபோய்த் திருத்தினார். மீதி எல்லாம் சரியாக இருந்ததால் என்டர் தட்டிக்கொண்டே கீழே வந்தார். திரையில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று வந்தது.

பின்னால் நடந்தது இதுதான். முதலில் தட்டிய விவரத்தை வைத்து இயந்திரம் தன் காந்தங்களை ஒழுங்குபடுத்தத் தொடங்கியிருந்தது. அதற்குச் சுமார் 8 நொடி ஆகும். அந்த 8 நொடிக்குள் முடிந்த திருத்தத்தை நிரலின் ஒரு பகுதி கவனிக்கவில்லை, இன்னொரு பகுதி கவனித்தது. சுழல்மேடை புதிய விவரப்படி எலக்ட்ரானுக்குத் திரும்பிக்கொண்டது. கற்றையின் வலு பழைய விவரப்படி எக்ஸ்-ரேக்கு உரியதாகவே இருந்தது. பாதி இயந்திரம் பழைய உண்மையிலும் பாதி இயந்திரம் புதிய உண்மையிலும் நின்றன. அந்த இரண்டு பாதிகளுக்கு நடுவில் ஒரு மனிதர் படுத்திருந்தார்.

கற்றை பாய்ந்ததும் இயந்திரம் நின்றது. ‘மால்ஃபங்ஷன் 54’ என்று ஒரு செய்தி வந்தது. கொடுக்க வேண்டிய 202 அலகில் 6 அலகுதான் போயிருப்பதாகத் திரை காட்டியது. இப்படிச் சின்னச் சின்னதாக நின்றுபோவது அந்த இயந்திரத்தின் வழக்கம். தொடரும் பட்டனை அவர் அழுத்தினார். உள்ளே இருந்த நோயாளி முதல் அதிர்ச்சியில் எழுந்திருக்க முயன்றுகொண்டிருந்தபோது இரண்டாவது பாய்ந்தது. அறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு வீடியோ திரையும் கேட்க ஒரு ஒலிபெருக்கியும் உண்டு. அன்றைக்கு வீடியோவின் இணைப்பு செருகப்படவில்லை, ஒலிக்கருவி பழுது. 180 ராட் பெற வேண்டியவர், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் 16,500 முதல் 25,000 ராட் வரை பெற்றிருக்கலாம் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். ஐந்து மாதத்தில் இறந்துபோனார். அடுத்த மாதமே அதே மருத்துவமனையில் இன்னொருவருக்கு இதே நடந்தது. அவர் மூன்று வாரத்தில் இறந்தார்.

ஃபங்ஷனல் புரோகிராமிங் இதைத் தடுத்திருக்குமா? ஒரு பாதியைத் தடுத்திருக்க வாய்ப்புண்டு. சிகிச்சை விவரம் என்பது துண்டுதுண்டாகத் திருத்தக்கூடிய நினைவக இடங்களாக இல்லாமல், மாறாத ஒற்றை மதிப்பாக இருந்திருந்தால், இயந்திரத்தின் எல்லாப் பகுதிகளும் பழையதை முழுசாகப் பெற்றிருக்கும் அல்லது புதியதை முழுசாகப் பெற்றிருக்கும். பாதி-பாதி என்ற நிலைக்கு இடமிருந்திருக்காது. அதற்காக மென்பொருள் மட்டுமே குற்றவாளி என்றும் சொல்ல முடியாது. முந்தைய தெராக்-20 இயந்திரத்தில் இருந்த வன்பொருள் தடுப்புகளை நீக்கிவிட்டு அந்தப் பொறுப்பையும் நிரலிடம் ஒப்படைத்தது நிர்வாக முடிவு.

மறுபாதியைத் தடுத்திருக்காது. கதிரை அளக்கும் கருவி அளவுக்கு மீறிய கதிரால் திணறிப்போய்க் குறைத்துச் சொன்னது, அதனால்தான் 6 அலகு. அந்த எண்ணைத் திரை ஒரு குறையும் இல்லாமல் காட்டியது. தரவுக்கும் திரைக்கும் நடுவில் ஒத்திசைவு நூறு சதவீதம். தரவுக்கும் அறைக்குள் இருந்த உடலுக்கும் நடுவில்தான் ஒன்றுமே ஒத்துப்போகவில்லை. திரை என்பது தரவின் ஃபங்ஷன் என்ற அழகான வாக்கியத்தின் எல்லை இங்கே தெரிகிறது. அது தரவுக்கு விசுவாசமாக இருக்கக் கற்றுக்கொடுக்கிறது. பார்ப்பவருக்கு என்ன தர வேண்டும் என்று அது சொல்வதில்லை.

அந்த இயக்குநரை நினைத்துப் பார்க்கிறேன். அவர் தன் பிழையைத் தானே கண்டுபிடித்தார், தானே திருத்தினார். இனி இதை நம்பலாம் என்று திரை அவரிடம் வரிவரியாக உறுதி சொன்னது. அந்த ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற சொல் எந்த நேரத்து விவரத்தைப் பற்றியது, எந்தப் பகுதி சரிபார்த்தது என்பதை அது சொல்லவில்லை. அறைக்குள் பார்க்க வழியில்லாத அவருக்கு அன்று வேறு சாட்சியும் இல்லை.

ஒத்திசைவு வேறு, நேர்மை வேறு என்று நான் நினைக்கத் தொடங்கியது இதனால்தான். எப்போதும் புதியதைக் காட்டுவது ஒத்திசைவு. காட்டுவது எப்போதைய நிலை, எவ்வளவு நம்பலாம் என்று சேர்த்துச் சொல்வது நேர்மை. முதலாவதை மட்டும் துரத்தினால் சில நேரம் இரண்டாவது கெட்டுப்போகும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் ஓர் உதிரிபாகக் கிடங்கில் வேலை பார்த்த ஐம்பது வயதுப் பெண்மணி. அங்கே வேறு யாரோ எழுதிய நவீனமான திரை ஒன்று இருந்தது. கையிருப்பு மாறினால் நொடியில் மாறும், அவசரமானவை தானாக மேலே ஏறும். அதை ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை என்று பார்த்துவரச் சொல்லி என்னை அனுப்பியிருந்தார்கள். அவர் மேசையில் ஓர் அச்சுத்தாள் இருந்தது. உச்சியில் பேனாவால் ‘9.10’ என்று எழுதியிருந்தார்.

“நான் மூணாவது வரியைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள அது ஏழாவதாப் போயிடுது தம்பி. கிளிக் பண்ணப்போனா வேற ஒண்ணு வந்து நிக்குது. பேப்பர் ஓடாது பாருங்க” என்றார்.

“ஆனா மேடம், அதுக்குள்ள ஸ்டாக் மாறியிருந்தா?”

“அதுக்குத்தானே மேல மணி எழுதியிருக்கேன். அனுப்புறதுக்கு முன்னாடி ரேக்குல இருக்கற பையனுக்கு ஒரு ஃபோன் போடுவேன். நாலு இருக்குன்னு போட்டிருக்கே, இன்னும் நாலு இருக்கான்னு கேட்பேன். இருந்தா அனுப்பு, இல்லேன்னா சொல்லு, நான் வேற பாத்துக்கறேன்.”

அவர் ஃபங்ஷனல் புரோகிராமிங் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் அவர் கையில் இருந்தது நேரம் குறித்த, மாறாத மதிப்பு. அவர் செய்த தொலைபேசி அழைப்புக்கு எங்கள் பாடப்புத்தகத்தில் பெயர் இருக்கிறது. 1981-இல் குங், ராபின்சன் இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை தரவுத்தளங்களுக்கு இந்த வகை வழியைச் சொல்கிறது: யாரையும் பூட்டிவைக்காமல் எல்லோரையும் வேலை செய்ய விடு, கடைசியில் எழுதும்போது மட்டும், அவர்கள் படித்தது இடையில் மாறிவிட்டதா என்று பார், மாறியிருந்தால் நிறுத்து. இணையத்தின் எச்டிடிபி நெறிமுறையிலும் இஃப்-மேட்ச் என்ற ஏற்பாடு உண்டு. நான் பார்த்த பதிப்பு இதுதான், இன்னும் இதுவாகவே இருந்தால் மட்டும் மாற்று என்று கோரிக்கையோடு சேர்த்து அனுப்பலாம். பொருந்தாவிட்டால் 412 என்ற எண்ணோடு மறுப்பு வரும். ரயில் முன்பதிவுப் படிவத்தில் உறுதியான படுக்கை கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதுவும் இதன் உறவுதான். எந்த நம்பிக்கையில் நான் பணம் கட்டுகிறேன் என்பதை என் செயலோடு சேர்த்துச் சொல்ல அது இடம் தருகிறது. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு என் பதிலும் இதற்குள் இருக்கிறது. அந்த எரிச்சலில் நியாயம் உண்டு. 12 இடமும் எனக்காகக் காத்திருக்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. ஆனால் நான் 12-ஐப் பார்த்துத்தான் பட்டனை அழுத்தினேன் என்பதை அந்தப் பக்கம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கலாம்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியதும் உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் இதயத்துடிப்பைக் காட்டும் திரையைப் பேப்பர்போல உறைய வைக்க முடியுமா? முடியாது, கூடவும் கூடாது. கண்காணிக்கிற கண்ணுக்குப் புதியதுதான் வேண்டும். முடிவெடுக்கிற கைக்குத்தான் அசையாத ஒன்று வேண்டும். பெரும்பாலான திரைகள் இரண்டையும் ஒரே டேபிளில் கேட்கின்றன, சிக்கல் அங்கேதான். இன்னொரு எதிர்வாதம் கொஞ்சம் வலுவானது: ஒவ்வொரு முறையும் ‘நீங்கள் பார்த்தது மாறிவிட்டது, மறுபடி பாருங்கள்’ என்று நிறுத்தினால் வேலை ஓடுமா? மால்ஃபங்ஷன் 54 சொல்லும் பாடமே அதுதானே, அடிக்கடி நிறுத்தினால் மனிதர்கள் படிக்காமலே தொடர்வார்கள். உண்மைதான். ஆகவே எது மாறினால் நிறுத்த வேண்டும், எது மாறினால் பரவாயில்லை என்று யாராவது யோசித்துப் பிரிக்க வேண்டியிருக்கிறது. முகவரியில் ஓர் எழுத்து திருந்தியிருந்தால் கடன் ஒப்புதலை நிறுத்த வேண்டாம். தொகை மாறியிருந்தால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்தும்போது ஓர் எண்ணைத் தூக்கிப்போடாமல், ‘நீங்கள் பார்த்தபோது 40,000, இப்போது 4,00,000’ என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். பழைய மதிப்பை யாரும் அழிக்காமல் வைத்திருந்தால்தான் இப்படிக் காட்டவே முடியும். மாறாத மதிப்புகளுக்கு நான் கொடுக்கும் மரியாதை இப்போது வேகத்துக்காகவோ அழகுக்காகவோ இல்லை. ஒருவர் எதைப் பார்த்தார் என்பதற்கு அவை சாட்சியாக நிற்க முடியும் என்பதற்காக.

ஏனென்றால் ஏதாவது தவறாகப் போனால் விசாரணை கடைசியில் பட்டனை அழுத்தியவரிடம்தான் வந்து நிற்கும். அவரது பெயர், அழுத்திய நேரம், நொடிக்கணக்கு எல்லாம் பதிவாகியிருக்கும். அந்த நொடியில் திரை அவருக்கு என்ன காட்டிக்கொண்டிருந்தது என்பது மட்டும் பெரும்பாலும் எங்குமே பதிவாகியிருக்காது. செய்தவனையும் பலன் அனுபவிப்பவனையும் இணைக்கும் கண்ணி அங்கே அறுந்துவிடுகிறது, அறுந்த பிறகு குற்றம் இருக்கும் ஆட்களிலேயே எளியவர்மேல் போய் விழுகிறது.

மற்றவர்கள் எழுதிய நிரலைப் பார்த்துக் கருத்துச் சொல்வதும் என் வேலையில் ஒரு பகுதி. ஃபங்ஷன் சுத்தமாக இருக்கிறதா, கீ சரியாகக் கொடுத்திருக்கிறார்களா என்பதையெல்லாம் இப்போது கருவிகளே பார்த்துச் சொல்லிவிடுகின்றன. அதனால் பட்டன் இருக்கும் ஒவ்வொரு டேபிளுக்கும் நான் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எழுதிவைக்கிறேன்: “இதை அமுக்குறவங்க எதைப் பார்த்து அமுக்கினாங்கன்னு சர்வருக்குத் தெரியுமா?” பல நேரம் பதில் வராது. சில நேரம், நாளைக்குள் செய்து தருகிறேன் என்று வரும். ஒருமுறை ஓர் இளைஞர், “அது எதுக்குங்க, கரண்ட் டேட்டா தெரிஞ்சா போதாதா?” என்று திருப்பிக் கேட்டிருந்தார். அவருக்கு நான் எழுதத் தொடங்கிய பதில் நீண்டுகொண்டே போனது.